கண்ணோரக் கோடுகளும் கடை அலமாரியும்

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணின் கண்ணோரத்தில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டால் போதும், விற்பதற்கு ஒரு பெரிய அலமாரியே தயாராக இருக்கிறது. பகலுக்கு ஒரு கிரீம், இரவுக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே தடவ சின்னஞ்சிறு டப்பாவில் ஒன்று, கழுத்துக்குத் தனியாக ஒன்று. நான் கணக்கு ஆசிரியை. எந்தப் பொருளானாலும் விலையை எடையால் வகுத்துப் பார்ப்பது எனக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த அலமாரியையும் அப்படிப் பார்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆசிரியர் அறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீடு திருச்சி அரியமங்கலத்தில் இருக்கிறது. பள்ளி துவாக்குடிப் பக்கம். தஞ்சாவூர்ச் சாலை அங்கே ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் சூரியன் நேர் எதிரே நிற்கும். மாலையில் திரும்பும்போது அது மேற்கே இறங்கியிருக்கும். அப்போதும் நேர் எதிரேதான். பணியில் சேர்ந்த நாளிலிருந்து இதே சாலை, இதே வெயில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இதே ஓட்டம். கோடுகள் எங்கே விழுந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் என் முகத்தை அதிகநேரம் பார்க்கவில்லை. முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். ஜாக்கெட் கைக்குள் எப்போதும் மறைந்திருக்கும் இடம் அது. "இதுவும் உங்கள் தோல்தானே டீச்சர். முகத்துக்கு என்ன வயதோ அதே வயதுதான் இதற்கும். இங்கே கோடு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, நீங்களே பாருங்கள்" என்றார். ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரே நிறமாக இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் புறங்கையை வைத்துப் பார்த்தபோதுதான், வயது செய்தது எவ்வளவு, வெயில் செய்தது எவ்வளவு என்பது எனக்குப் பிரிந்து தெரிந்தது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. கிரீம் வாங்கக் கிளம்பும் எல்லோரும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

வெயிலில் உள்ள இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்கள் நம் தோலைத் தொடுகின்றன. யு.வி.பி. மேல்தோலைச் சுட்டுக் கன்ற வைக்கும். யு.வி.ஏ. அதைவிட ஆழமாக இறங்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனையும் இழுவை தரும் எலாஸ்டினையும் சிதைக்கும். யு.வி.பி.யைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ. கண்ணாடியைத் தாண்டியும் வரும். 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழ் ஒரு லாரி ஓட்டுநரின் புகைப்படத்தை வெளியிட்டது. அவருக்கு வயது 69. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் இருந்த இடப்பக்கக் கன்னம் மட்டும் தடித்து, ஆழமான மடிப்புகளோடு தொங்கிக் கிடந்தது. வலப்பக்கம் அதே மனிதரின் தம்பியைப் போல இருந்தது. பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களும், வகுப்பறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருப்பவர்களும் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் முதல் செலவு கிரீமுக்குப் போகவில்லை. கூலிங் கிளாஸுக்குப் போனது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று குறிப்பிட்டிருப்பதாக, பக்கவாட்டில் வெளிச்சம் நுழையாதபடி அகலமாக வளைந்த ஒன்றை வாங்கினேன். கண்ணைச் சுருக்குவது நின்றது. கண்ணோரக் கோட்டுக்கு இவ்வளவு நேரடியான மருந்து வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இதை யாரும் அந்த அலமாரியில் வைத்து விற்பதில்லை.

அடுத்தது சன்ஸ்கிரீன். கோடுகளுக்கு என்று ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை, 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பம்போல் பூசிக்கொண்டார்கள். நான்கரை ஆண்டுகள் கழித்துப் புறங்கைத் தோலின் அச்சை எடுத்து ஒப்பிட்டபோது, தினமும் பூசியவர்களிடம் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-இல் முடிவுகள் வெளியாயின. அவர்கள் வெள்ளைத்தோல்காரர்கள், நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு என்பது உண்மைதான். நம் தோலில் மெலனின் கூடுதலாக இருப்பதால் சுருக்கங்கள் நமக்குச் சற்றுத் தாமதமாகவே வருகின்றன. ஆனால் சுருக்கத்துக்கு முன்பே மங்கும் கரும்புள்ளியும் சீரற்ற நிறமும் வந்து முகத்தை வயதாக்கிவிடுகின்றன. அதற்கும் காரணம் பெரும்பாலும் அதே வெயில்தான்.

சன்ஸ்கிரீன் டியூபில் இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாக யு.வி.பி.க்கான எண். 30 இருந்தால் ஏறக்குறைய 97 சதவீதம், 50 இருந்தால் 98 சதவீதம் தடுக்கும். எனவே 50-க்கும் 100-க்கும் இடையிலான விலை வேறுபாட்டுக்காக யாரும் வருந்த வேண்டாம். நம் கவலையான யு.வி.ஏ.வுக்கு பி.ஏ. என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்து வரும் கூட்டல் குறிகளும்தான் சாட்சி. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருப்பதாகப் பார்த்து வாங்குகிறேன். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நம்மைப் போன்ற நிறத்தினரின் மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன். அது முகத்தில் வெள்ளைப் படலமும் விடாது.

இப்போது கணக்கு. பொட்டலத்தில் எழுதியிருக்கும் பாதுகாப்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்தக் கனத்தில் பூச, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய இரண்டு கோடுகள் வேண்டும். ஏறக்குறைய ஒரு கிராம் என்று வையுங்கள். நாளைக்கு ஒருமுறை பூசினால் 50 கிராம் டியூப் ஐம்பது நாளில் தீர வேண்டும். "போன தீபாவளிக்கு வாங்கியது, இன்னும் பாதி இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் சன்ஸ்கிரீன் பூசவில்லை, தொட்டுக்கொள்கிறார்கள். இதனால்தான், சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்தத் தோன்றும் விலையுயர்ந்த வெளிநாட்டு டியூபைவிட, தாராளமாகப் பூச மனம் வரும் விலையில் கிடைப்பதே நல்ல சன்ஸ்கிரீன் என்கிறேன். திருச்சி வெயிலில் வியர்வையோடு வழிந்து கண்ணில் எரிந்தால் நாலாம் நாள் விட்டுவிடுவோம். அதனால் சிறிய டியூபாக வாங்கி, ஒரு வேலைநாள் முழுக்கப் போட்டுப் பார்த்து, கண் எரியாததை நிரந்தரமாக்கிக்கொள்வது உத்தமம். நான் காலையில் கிளம்புவதற்கு முன் ஒருமுறையும், கடைசி மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொருமுறையும் பூசுகிறேன்.

இனி இரவுக்கு. விழுந்துவிட்ட கோடுகளை ஓரளவாவது மங்கச் செய்யும் என்று நீண்டகாலச் சான்று உள்ள பூச்சு வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் வலுவானது ட்ரெடினாயின். முதலில் இது முகப்பரு மருந்து. பரு உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது தோல் மிருதுவாவதையும் கோடுகள் குறைவதையும் கவனித்து, அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1980-களில் அதை வெயிலால் முதிர்ந்த தோலுக்கு ஆராய்ந்தார். 1995-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெல்லிய சுருக்கங்களுக்கு அதை அனுமதித்தது. நம் நாட்டில் இதை மருத்துவர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். சீரம் பாட்டில்களில் வரும் ரெட்டினால் இதன் மென்மையான உறவு. தோலுக்குள் போய் இரண்டு படிகளில் மாறிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். அதனால் எரிச்சலும் குறைவு, பலனும் மெதுவாகவே வரும்.

எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது 0.025 சதவீத ட்ரெடினாயின். அத்தனை சதவீதங்களில் மிகக் குறைந்ததை ஏன் தருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானதாகக் கருதுகிறேன். வெளுத்த தோலில் மருந்து எரிச்சலூட்டினால் சிவக்கும், பிறகு அடங்கிவிடும். நம் தோலில் எரிச்சல் வந்தால், அது அடங்கிய பின்பும் கருமை தங்கிவிடும். போக மாதக்கணக்கில் ஆகும். மெல்லிய கோட்டைப் போக்கப் போய்க் கன்னத்தில் கருந்திட்டை வாங்கிக்கொள்வதில் என்ன பயன்? நம்மைப் போன்ற நிறத்தினர் தேர்ந்தெடுக்க வேண்டியது கடையில் உள்ளவற்றில் வலுவானதை அல்ல. ஆண்டுக்கணக்கில் சண்டையில்லாமல் தோல் ஏற்றுக்கொள்வதை. அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்.

பூசும் முறையும் அதற்கேற்றதுதான். முதலில் வாரத்துக்கு இரண்டு இரவுகள். முகம் கழுவி ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகு முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஒரு பட்டாணி அளவு மருந்து. முழு முகத்துக்கும் அந்த ஒரு பட்டாணிதான். மூக்கோரம், உதட்டோரம், இமை ஆகிய இடங்களைத் தொடக்கூடாது. நான் அங்கெல்லாம் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிவிடுவேன். முதல் சில வாரங்களில் வாயைச் சுற்றித் தோல் சற்றே உரிந்தது. உரிந்த நாட்களில் மருந்தை நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் பூசினேன். தோல் பழகப் பழக ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று கூட்டிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு முன் எந்தப் பலனையும் எதிர்பார்க்கக்கூடாது. "ஒரே வாரத்தில் வித்தியாசம்" என்று எழுதியிருக்கும் எதையும் நான் கையில் எடுப்பதில்லை. ஒரு வாரத்தில் தெரிவது ஈரப்பதத்தால் தோல் உப்புவது மட்டுமே.

கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ட்ரெடினாயினையும் ரெட்டினாலையும் தொடவே கூடாது. பாலூட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பூசக்கூடாது. ஆசிரியர் அறையில் என் டியூபின் பெயரைக் கேட்ட இளம் ஆசிரியைகளிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். சங்கடப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

அதைவிட அழுத்திச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஒருமுறை டியூப் தீர்ந்து, சீட்டோடு வேறொரு மருந்துக்கடைக்குப் போனேன். "அது இல்லை அக்கா, இது அதைவிட நல்லது, எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று கடைக்காரத் தம்பி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். பெட்டியைத் திருப்பிப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. மங்குக்காக மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய கலவை இது. பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆவதால், ஊர் ஊராகப் பெண்கள் இதை அழகு கிரீம் போல ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு இதனால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிந்து, முகத்தில் ரோமம் வளர்ந்து, வெயிலில் நின்றாலே எரிய ஆரம்பித்தது. நிறுத்தினால் இன்னும் மோசமாகக் கிளம்பும். அதனால் மருத்துவர் துணையோடுதான் மீண்டு வர முடிந்தது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்பதற்குத் தடை கொண்டுவந்தது. ஆனாலும் கவுண்டரில் கையை நீட்டுகிற நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃபுளூட்டிகாசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்களில் எது இருந்தாலும், மருத்துவர் எழுதாமல் அதை முகத்துக்கு வாங்காதீர்கள். சுருக்கத்துக்குப் பயந்து தோலை மெலிய வைக்கும் மருந்தைப் பூசுவது எத்தனை பெரிய இழப்பு என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஆறவே இல்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. கொலாஜன் கிரீமில் உள்ள கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அது மேலே ஈரம் காக்கும், அவ்வளவுதான். ஹயலூரானிக் அமிலமும் கிளிசரினும் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்லிய கோடுகளைத் தற்காலிகமாக நிரப்பிக் காட்டும். ஏமாற்று இல்லை, ஆனால் அதற்குக் கிளிசரின் உள்ள சாதாரண மாய்ஸ்சரைசரே போதும். வைட்டமின் சி சீரம் நல்ல பொருள்தான், 10 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் பலன் உண்டு. ஆனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெடும். நம் ஊர்ச் சூட்டில் அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். பழுப்பு நிறமாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நியாசினமைடு எனக்குப் பிடித்த ஒன்று. 4, 5 சதவீதத்திலேயே மெல்லிய கோடுகளுக்கும் கரும்புள்ளிக்கும் உதவும், பெரும்பாலோருக்கு எரியாது, விலையும் குறைவு. ரெட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கண்ணுக்கான கிரீம்களில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் பட்டியலை அதே நிறுவனத்தின் முகக் கிரீமோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். வேறுபாடு பெரும்பாலும் டப்பாவின் அளவில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பயத்தமாவும் தேங்காய் எண்ணெயும் தவிர எதையும் முகத்தில் வைத்ததில்லை. கன்னம் இன்னும் மிருதுவாக இருக்கிறது. "இதெல்லாம் எதற்கடி உனக்கு?" என்று என் மேசையைப் பார்த்துக் கேட்பார். அவர் வெயிலில் இரண்டு வேளை வண்டி ஓட்டியதில்லை என்பதும் ஒரு காரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் உண்மையிலேயே நல்ல காப்பு. பரு வரும் தோலுக்குத்தான் ஆகாது. ஆனால் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போவதை யாரும் செய்ய வேண்டாம். அந்தச் சாற்றில் உள்ள பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கிக் கருக்கவைக்கும். இயற்கையானது என்பதால் எரிச்சல் வராது என்று எண்ணிவிட முடியாது.

பலன் என்னவென்று கேட்பீர்கள். கண்ணுக்குக் கீழே கசங்கிய துணி போலிருந்த மெல்லிய கோடுகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. கன்னத்துக் கரும்புள்ளிகள் வெளிறியிருக்கின்றன. புருவங்களுக்கு நடுவில் உள்ள செங்குத்துக் கோடு அப்படியேதான் இருக்கிறது. அது தசை சுருங்கிச் சுருங்கி விழுந்தது, பூச்சால் போகாது. ஊசி போட்டால் சில மாதங்களுக்கு மறையும் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், வேண்டும் என்பவர்கள் தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் போட்டுக்கொள்வதில் தவறில்லை. மாதவிடாய் நின்ற பிறகான முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்கு அந்தக் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. அதனால் தோல் முன்னைவிட வறண்டிருக்கிறது. மாய்ஸ்சரைசரைக் கொஞ்சம் கனமானதாக மாற்றியிருக்கிறேன், மருந்தின் அளவைக் கூட்டவில்லை.

புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் சில இரவுகள் தொடர்ந்து தடவிப் பார்க்கிறேன். ஒரே சமயத்தில் இரண்டு புதுப் பொருள்களைத் தொடங்குவதில்லை. எரிந்தால் எதனால் எரிந்தது என்று தெரியாமல் போய்விடும்.

தங்கை மகளுக்கு இருபத்து மூன்று வயது. ரெட்டினால் வாங்கித் தரச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். தோளில் பை மாட்டிக்கொண்டு சென்னையில் மின்சார ரயிலும் பஸ்ஸுமாக அலைகிற பெண். முகத்தைப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. சன்ஸ்கிரீன் இரண்டு டியூபும் ஒரு கூலிங் கிளாஸும் வாங்கிக் கொடுத்தேன். கழுத்தையும் புறங்கையையும் மறக்காமல் பூசச் சொன்னேன், டியூப் ஐம்பது நாளில் தீர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். ரெட்டினால் பற்றி முப்பது வயதுக்கு மேல் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.